மெட்டில்டா சுருக்கிய மலை

மெட்டில்டா செய்த மலையைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, "இது போட்டோவா?" என்றுதான். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

சேலையூரில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில், ஷ்யாம்சுந்தர் என்பவன் தொடங்கிய சிறிய கேம் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டர் கேமில் வரும் சுவர், சாலை, மரம் எல்லாம் முதலில் வெறும் வெள்ளைக் கூடுகளாகத்தான் பிறக்கும். அவற்றின்மேல் போர்த்துகிற படங்களுக்கு டெக்ஸ்சர் என்று பெயர். அந்த வேலை முழுக்க மெட்டில்டாவுடையது. காரை பெயர்ந்த சுவர் காரை பெயர்ந்த சுவராகத் தெரிந்தால் அது அவள் கைவண்ணம்.

அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது பஸ் ஓட்டும் கேம். தாம்பரத்தில் கிளம்பி, திருநீர்மலை வழியாகக் குன்றத்தூர் போய்ச் சேர வேண்டும். திருநீர்மலைக்குப் பக்கத்தில்தான் மெட்டில்டா பிறந்து வளர்ந்தாள். மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் எதிரே நின்ற பெருமாள் கோயில் மலை அது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் அந்த மலையின் ஒவ்வொரு பாறையும் அவளுக்குப் பழக்கம். கேமுக்காகக் கேமராவோடு ஏறி இறங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து, பாறையின் வெடிப்பும் பாசியும் தெரியும்படி பெரிய பெரிய படங்களாகச் செய்து போர்த்தியிருந்தாள்.

கேம் ஏறக்குறைய முடிந்ததும் அதை மாடம்பாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஆடிப் பார்க்க அவள் கணவன் பிரிட்டோவைவிட நல்ல ஆள் கிடையாது. அவன் நிஜமாகவே டவுன் பஸ் டிரைவர்.

தாம்பரத்தில் பிரிட்டோ ஜோராகக் கிளம்பினான். திருநீர்மலைத் திருப்பம் வந்ததும் திரை சட்டென்று நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியபோது பஸ் முன்னால் போன ஆட்டோவின்மேல் ஏறியிருந்தது.

"இன்னாம்மா இது? நான் பிரேக் மிதிச்சிகினே கீறேன், வண்டி அதுபாட்டுக்குப் போவுது" என்றான் பிரிட்டோ.

"ஆபீஸ்ல நல்லாதாங்க ஓடுச்சு."

"ஆபீஸ்ல ஓடும். இங்க ஓடலயே."

அவன் சொன்னது சரி. அலுவலகத்தில் இருந்தவை புத்தம்புது மெஷின்கள். மறுநாள் காலை, வீட்டுக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பிரிட்டோவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவள் சேலையூர் போய்ச் சேர்ந்தாள்.

ஷ்யாம்சுந்தர் நிழல்களைக் குறைத்துப் பார்த்தான். திரையின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தான். நேர்ச்சாலையில் பஸ் முன்னைவிட வேகமாக ஓடியது. திருப்பத்தில் நின்றது நின்றதுதான். மெட்டில்டா கிராபிக்ஸ் கார்டின் நினைவகக் கணக்கைத் திறந்து பார்த்தாள். மலை கண்ணில் படும் இடத்தில் அது விளிம்புவரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி நினைவகம் உண்டு. காட்ட வேண்டிய படங்களை அது அங்கேதான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும். இடம் போதாவிட்டால் மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்திலிருந்து இழுத்து வர வேண்டும். அது சுற்றுவழி. படம் வந்து சேரும்வரை திரை காத்து நிற்கும். வீட்டு மெஷினின் பழைய கார்டில் இருந்ததோ இரண்டே ஜி.பி.

"குறைஞ்சது எட்டு ஜி.பி. கார்டு வேணும்னு கேமோட குறிப்புல போட்டுடலாம் மெட்டில்டா. எல்லாரும் அப்படித்தானே போடறாங்க" என்றான் ஷ்யாம்சுந்தர்.

"போடலாம் ஷ்யாம். ஆனா இந்த கேமை யாரு ஆடுவாங்க? பம்மல்லயும் அனகாபுத்தூர்லயும் இருக்கிறவங்க, எங்க தெரு வருதான்னு பாக்க ஆடுவாங்க. அவங்க வீட்ல இருக்கிறது இந்த மாதிரி மெஷின்தான்."

"அப்போ உன் மலையிலதான் கை வைக்கணும். பரவால்லையா?"

"என் மலைதானே. நானே வைக்கிறேன்."

எதைக் குறைப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொள்ள, மாலையில் அவளை அழைத்துப்போக வந்த பிரிட்டோவை மறுபடி ஆட வைத்தாள். இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் கண்களைப் பார்த்தாள். அவை கண்ணாடிக்குப் போயின, முன்னால் போகும் வண்டிக்குப் போயின, நிறுத்தத்தில் கை நீட்டுபவர்களிடம் போயின. மலையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்ததோடு சரி. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வேலை எங்கே என்பது தெளிவாகிவிட்டது.

படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால், அது பிடிக்கும் இடம் கால்பங்காகிவிடும். பாறைப் படங்களை இரண்டு தடவை அப்படிச் சுருக்கினாள். பாசி போயிற்று, வெடிப்புகள் களிமண்ணாய்க் குழைந்தன. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தாள். பிறகு, வெடிப்புகளைப் படத்தில் காட்டுவதை விட்டுவிட்டு, மலையின் கூட்டிலேயே பள்ளமும் மேடுமாகச் செதுக்கத் தொடங்கினாள். அதற்கு நினைவகத்தில் சொற்ப இடமே போதும். காலை வெயிலைப் பக்கவாட்டில் விழ வைத்ததும் பள்ளங்களில் நிழல் தங்கியது. சாலையிலிருந்து பார்த்தால் மலை முன்னைவிடக் கனமாக நின்றது. இது அவளே எதிர்பாராதது.

கண்ணாடியையும் ஆட்டோவையும் நிறுத்தத்து முகங்களையும் அவள் தொடவே இல்லை. பெரிய கார்டு வைத்திருப்பவர்கள் விரும்பினால் போட்டுக்கொள்ள, பழைய படங்களைத் தனியாக வைத்தாள்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பிரிட்டோ ஆட உட்கார்ந்தான். திருப்பம் வந்தது. பஸ் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"ம்... இப்ப வண்டி சொன்ன பேச்சு கேக்குது" என்று சொல்லிவிட்டு, கியரை மாற்றினான்.

கேம் வெளிவந்தபோது, பம்மலிலிருந்து யாரோ ஒருவர், தன் பழைய மெஷினில் தடங்கலில்லாமல் ஓடுவதாகவும், ஆனால் தங்கள் தெரு முனையில் இருக்கும் பெட்டிக்கடை மட்டும் தப்பான பக்கத்தில் இருப்பதாகவும் எழுதியிருந்தார். மெட்டில்டா கடையை எதிர்ப்பக்கம் மாற்றினாள்.

ஷ்யாம்சுந்தர் இப்போது அலுவலகத்திலேயே ஒரு பழைய மெஷினை வாங்கி வைத்திருக்கிறான். அதில் ஓடிக் காட்டாத எதையும் மெட்டில்டா முடிந்ததாக ஒத்துக்கொள்வதில்லை. அடுத்த வழித்தடம் மாடம்பாக்கம் வரை போகிறது. அங்கே உள்ள கோயிலின் கல்தூண்களைப் படமெடுக்க அவள் கிளம்பிவிட்டாள்.