கிரகத்தை நேருக்கு நேர் பார்த்தவன்

துறைமுகத்துக்கு மேலே, குன்றின் உச்சியில் எனக்கு வேலை. பொழுது சாய்ந்ததும் வருகிற கப்பல்களின் விளக்கு நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்தான் எனக்குச் சோறு போட்டது. என் அப்பாவுக்கு மாலைக்கண் வந்து, விளக்கு வைத்த பிறகு சுவரைத் தடவித் தடவி நடந்தார். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

எங்கள் துரை அதே குன்றில் இருந்த தன் வீட்டு வராந்தாவில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். ஒரு சின்னக் கிரகத்தின் வெளிச்சம் ஏறி இறங்குவதாகச் சீமைப் பத்திரிகையில் படித்துவிட்டு, கூர்மையான கண் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் நிலையாக ஒளிரும் இரண்டு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, கிரகம் எதற்குச் சமம் என்று நான் சொல்வேன். அவர் குறித்துக்கொள்வார்.

வீட்டில் இதைச் சொன்னதுதான் வினை.

"கிரகத்தையா பாக்குறீங்க?" மனைவி கரண்டியைக் கீழே போட்டாள். "கோயில்ல சனீஸ்வரனுக்கு எதிர்ல நிக்காம ஒதுங்கி நின்னுதான் கும்பிடுறோம். நீங்க குழாய வச்சு மூஞ்சியவே பாப்பீங்களோ?"

சிரித்தேன். மறுநாள் மாலை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரகம் மங்கியது. கண் போச்சு என்றே நினைத்தேன். துரையோ துள்ளிக் குதித்தார்.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்ல, அது நீளமான கல்லு," என்றார், நாங்கள் பேசிக்கொள்ளும் மலாய் மொழியில். "சுத்துது. பக்கத்தக் காட்டினா வெளிச்சம், முனையக் காட்டினா மங்கல்."

போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து அம்மிக் குழவியை விளக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினேன். சுவரில் நிழல் நீண்டது, குறுகியது, மறுபடி நீண்டது.

"அது திரும்பித் திரும்பி யாரப் பாக்குது?" என்றாள் மனைவி. குழவியைக் கீழே வைத்தேன்.

அந்த வாரம் ஓர் இரவு, நாங்கள் குடியிருந்த தேக்காவில் மாட்டுக்கொட்டகை ஓரம் சாக்கடையில் காலை விட்டேன். தெருவிளக்கு ஏற்றாதவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூட வந்த மனைவி என் கையைப் பிடித்து வீடுவரை நடத்திக் கூட்டிப்போனாள்.

பிறகு ஒரு மாலை, கிரகம் மறுபடி மங்கியது. இந்த முறை நான் பயப்படவில்லை. முனை நம் பக்கம் இருக்கிறது, பொறுத்தால் திரும்பும் என்று கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். மங்கி மங்கி அது இல்லாமலே போனது.

"கணக்குப்படி இப்ப நல்ல வெளிச்சமா இருக்கணுமே, எந்த நட்சத்திரத்துக்குச் சமம்?" என்றார் துரை.

தேடினேன். அந்த இரண்டு நட்சத்திரங்களையும் காணவில்லை.

"மேகம், துரை."

"மேகமே இல்லையே."

குழாயிலிருந்து முகத்தை எடுத்துக் கீழே பார்த்தேன். துறைமுகத்தில் ஒரு கப்பல்கூட விளக்கு ஏற்றியிருக்கவில்லை.