ஓடிய ஜெனரேட்டரும் எரியாத பல்பும்

ஜெனரேட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகை அதிர்ந்தது, மண்ணெண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது, ஆனால் தலைக்கு மேலே தொங்கிய பல்பு மட்டும் எரியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், அன்னூருக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்திவந்த கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில், பங்குனி மாதத்து ஒரு பகல் அது. மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள் பெட்டி நிறைய இருந்தன. பெட்டியின் விசிறி ரொம்ப நேரம் நின்றுவிட்டால் ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஏற்கெனவே ஒரு தடவை அப்படிப் போயிருந்தது. இன்னொரு தடவை நடந்தால் பொரிப்பகத்தையே இழுத்து மூடிவிடுவதாக மாமனார் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கரண்ட் போய் அரை மணி ஆகிவிட்டது.

எனக்கு உடனே எங்கள் வேன் டிரைவர் மேல்தான் சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவதில் நான் கொஞ்சம் தாராளம். கடைக்காரர் கறிவேப்பிலையை அள்ளிக் கொடுத்தால், காய் சொத்தையோ என்று பையைக் கவிழ்த்துப் பார்ப்பேன். டிரைவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஜெனரேட்டர் அறைச் சாவியைக் கேட்பார். "ஒருக்கா ஓட்டிப்போட்டு நிறுத்தறனுங்க அம்மணி. சும்மா கெடந்தா ஆகாதுங்க." கரண்ட் இருக்கும்போது ஜெனரேட்டரை எதற்கு ஓட்ட வேண்டும்? கேனில் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. அவர் வீட்டு ஸ்டவ் எதில் எரிகிறதோ என்று யோசித்தேன். ஐப்பசியில் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு மூன்று வாரம் கேட்டுவிட்டு அவரும் கேட்பதை விட்டுவிட்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எடுக்க வேண்டியதை முன்பே எடுத்துவிட்டாரோ?

முட்டை அடுக்கும் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவரைக் கேட்டேவிட்டேன். "ஏனுங்க டிரைவர், உள்ள இருந்த செம்புக் கம்பிய உருவி எங்கீங்க போட்டீங்க?" வைவதானாலும் 'ங்க' போட்டு வைவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை.

அவர் ஜெனரேட்டர் பக்கம் போனார். வெளியே போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு பல்பை ஜெனரேட்டரிலேயே நேராகச் சொருகிப் பார்த்தார். அப்போதும் எரியவில்லை, கோளாறு உள்ளேதான். இன்ஜினை நிறுத்திப் பின்மூடியைத் திறந்தார். செம்புக் கம்பி சுற்றியது சுற்றியபடி இருந்தது. "பாத்துக்குங்க" என்றார். சுற்றும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டைகளும் தேயவில்லை. பிறகு வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தூக்கி வந்தார். மெஷினையே கருக்கிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக் குறுக்கே போய் நின்றேன்.

"நவுருங்க அம்மணி. குஞ்சு செத்துப்போயிருமுங்க."

நகர்ந்தேன். இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியிலிருந்து வந்த இரண்டு ஒயர்களையும் கார்பன் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுத்தார். பல்பு மங்கலாகச் சிவந்து, பிறகு பளிச்சென்று எரிந்தது.

"மாசக்கணக்கா ஓட்டாம போட்டா உள்ள இருக்கற காந்தம் எறங்கிப்போயிருமுங்க. இன்ஜின் ஓடும், கரண்ட் வராதுங்க. அதுக்குத்தானுங்க வாரா வாரம் கேட்டேன்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தா?" என்றுதான் கேட்டேன்.

மறுநாள் பெட்டி பெட்டியாகக் குஞ்சுகள் கத்தின, பொரிப்பகம் பிழைத்தது. ஆனால் பல்பு எரிந்த அன்று சாயங்காலமே டிரைவர் வீட்டுக்குப் போகும் வழியில் ஆபீஸ் வாசலில் நின்றார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து என் பக்கம் சாய்த்துக் காட்டினார். "பாத்துக்குங்க, ஒண்ணும் எடுக்கலீங்க. வாரனுங்க அம்மணி" என்று மூடி எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் காட்டினார். வேலையை விட்டு நின்ற நாள்வரை, இரண்டு வருஷம், ஒரு நாள்கூடத் தவறவில்லை. குரலில் கோபமே இருக்காது.

இப்போது பொரிப்பகத்தில் மூலைக்கு மூலை கேமரா இருக்கிறது. யாரையும் நேரில் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் அவரை நினைத்தால் உடம்பு கூசுகிறது. காட்ட வேண்டாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தூக்கைச் சாய்த்த ஒவ்வொரு நாளும் நான் எட்டி உள்ளே பார்த்தேன்.