இரண்டு விரல் இடைவெளி

என் அக்காவின் தொழில் தராசு பழுது பார்ப்பது. கறிக்கடைத் தராசிலிருந்து பார்சல் ஆபீஸின் மேடைத் தராசு வரைக்கும், எங்கே முள் தகராறு செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கே அவள் தராசக்கா. ஒரு கடைக்குள் நுழைந்தால் ஆளைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கிற ஜன்மம். என் பிள்ளை பிறந்தபோது கையில் வாங்கியவள் கொஞ்சவில்லை. "மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, சரியா?" என்று நர்ஸைத்தான் கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. எனக்கு வந்த கோபம் மட்டும் தீரவில்லை.

இப்படிப்பட்டவள் நாற்பத்தைந்து வயதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். இரண்டே சீட். இன்ஜின் முதுகுக்குப் பின்னால். முன்னால் மூடியைத் திறந்தால் சாமான் வைக்க ஒரு குழி. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

"காலமெல்லாம் அடுத்தவங்க மூட்டையைத் தூக்கிப் பார்த்தாச்சு. எனக்குன்னு லேசா ஒண்ணு வேணும்டி" என்றாள்.

அத்தான், அதாவது அவள் வீட்டுக்காரர், ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். வாட்டசாட்டமான ஆள். அவர் அந்தக் காருக்குள் உடம்பை மடக்கி உட்காருவதைப் பார்க்கவே தெருவில் நாலு பேர் நிற்பார்கள். அவருடைய உயிர் அவருடைய மோட்டார் சைக்கிளில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, பிறந்தநாள் காலையில், அக்காவின் பட்டறைத் தராசில் ஏறி நிற்பார். அவள் வாசலுக்கு வந்து, "போன வருஷத்தைவிட ஒரு பூசணிக்காய் கூடுதல்!" என்று தெருவுக்கே அறிவிப்பாள். அவரும் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி கையை ஆட்டுவார். இந்த வருஷம் மட்டும், விடுதியில் அவசர வேலை என்று நழுவிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். "உன் வீட்டுக்காரர் என் வண்டி மேல கண்ணு வெச்சிருந்தாரே, எடுத்துக்கச் சொல்லு. எனக்கு இடுப்பு ஒத்துழைக்கல" என்றார். என் கணவர் அன்றைக்கே முன்வாசலில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் அள்ளிப் போட்டு இடம் ஒதுக்கிவிட்டார். வெட்கமில்லாத மனிதர்.

வண்டி எங்கள் ஊருக்கு வர வேண்டும். லாரியில் ஏற்றினால் கீறல் விழும் என்று அத்தான் அடம்பிடித்தார். அக்கா, "என் கார் எதுக்கு இருக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் அவளுக்கு வீம்பு வந்துவிடும். வெல்டரைப் பிடித்து, மோட்டார் சைக்கிளைத் தூக்கி வைக்கக் காருக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி அடிக்கச் சொன்னாள். பின்னால் அவ்வளவு பாரம் தொங்கினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் பிடி தராது. அதனால் முன்குழியில் இரும்பு எடைக்கற்களை அடுக்கினாள். மோட்டார் சைக்கிளை எடை போட்டாள், தாங்கியை எடை போட்டாள், தன்னையும் போட்டுக்கொண்டாள். அத்தான் அன்று விடுதியில் இருந்ததால், போன வருஷத்து எடைக்குச் சமமாக அவர் சீட்டில் கற்களை வைத்து ஓட்டிப் பார்த்தாள். முன்சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள தகட்டு வளைவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கார் பசு மாதிரி போயிற்று.

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பினார்கள். இனி நடந்தது, அவர்கள் இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதை நான் ஒட்டுப்போட்டது. அத்தான் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வார். அக்கா பத்தை ஒன்றாக்கிச் சொல்வாள்.

ஊரைத் தாண்டி ஒரு பாலத்தில் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. அக்கா ஓரங்கட்டினாள். மோட்டார் சைக்கிளைக் கட்டிய பட்டைகள் இறுக்கமாகவே இருந்தன. குனிந்து முன்சக்கரத்து இடுக்கில் கையை விட்டாள். மூன்று விரல் போயிற்று; காரின் மூக்கு தூக்கியிருந்தது.

"ரோடு மேடு பள்ளமா இருக்கு, அதான்" என்றார் அத்தான், உள்ளே உட்கார்ந்தபடியே.

வண்டி நேற்றைய வண்டிதான். தாங்கியும் அதேதான். இரும்புக்கல் ராத்திரியோடு ராத்திரியாக இளைக்காது. மாறியிருப்பது, நேற்று கல் இருந்த சீட்டில் இன்று அவர் இருப்பது மட்டும்தான். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஓர் ஐந்து கிலோ கல்லை எடுத்து, அவர் காலடியில் வைத்தாள்.

"என்ன, எனக்கு விலங்கு மாட்டறியா?"

குனிந்து பார்த்தாள். போதவில்லை. இரண்டாவது கல்லை வைத்தாள்.

"காலை எங்க வைக்கறதாம், உன் தலையிலயா?"

மூன்றாவது கல்லுக்கு அவரே காலை ஒதுக்கி இடம் விட்டார். நான்காவதை வைத்த பிறகு இடைவெளி இரண்டு விரலுக்கு வந்தது. அவள் எழுந்து வந்து, அவருடைய தொளதொளச் சட்டையைத் தூக்கினாள். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இருந்தன. மூட்டையைப் பார்த்தே எடை சொல்கிறவள், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரைப் பார்க்கவில்லை. அந்த நிமிஷம் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடியிலேருந்து. பசிக்க மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா ஏதாவது சொல்லுவாங்களே."

"அதுக்குத்தான் வண்டியைத் தள்ளிவிடறீங்களா?"

"ஸ்டாண்டு போட முடியல, கை நடுங்குது. நாளைக்கு நான் இல்லேன்னா நீ அதை வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவே? துருப்பிடிச்சுக் கிடக்கும்."

"இல்லேன்னா எங்க போறதா உத்தேசம்? என்கிட்ட சொல்லாம எங்கயும் போக முடியாது" என்று நடுரோட்டில் கத்தினாள். போகிற லாரிக்காரர்கூட எட்டிப் பார்த்தாராம். கத்தி முடித்ததும் எனக்குப் போன் செய்தாள். "நாங்க வரல. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு, வண்டி குடுக்கறதா இல்ல" என்றாள். அழுதிருந்த குரல். நான் ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

காரைத் திருப்பி நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டாள். வாசலில் இருந்த காவல்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதை கார் பக்கம் விடறதா, பைக் பக்கம் விடறதா?" என்று கேட்டார்.

"எங்க வேணா விடுறேன், வழியை விடுங்கண்ணே" என்றாள்.

உள்ளே நர்ஸ் முதலில் எடை பார்க்க வேண்டும் என்றார். மூலையில் முள் வைத்த பழைய தராசு. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏறியவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். நர்ஸ் எண்ணை எழுதப் போனபோது அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"இறங்குங்க" என்றாள் அத்தானிடம். அவர் இறங்கியும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. ஒரு கிலோ கூடுதலாகக் காட்டியது. அடியில் இருந்த திருகைத் தேடித் திருகி, முள்ளை பூஜ்யத்தில் நிறுத்தினாள். நர்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "இப்ப ஏறுங்க."

அத்தான் ஏறினார். முள் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"இருபது போச்சு. மிச்சம் இருந்த ஒண்ணையும் நீ பிடுங்கிட்டியே" என்றார்.

அக்கா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. அவர் தராசிலிருந்து இறங்கப் பார்த்தார். அவள் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. அவங்க எழுதிக்கட்டும். எங்கேருந்து ஏத்தணும்னு தெரிய வேணாமா?"