வெர்ஹாகே என்று வந்த அனுமதி

எங்கள் எல்லார் வீட்டையும் போலவே லெயுனாவின் கழிப்பறைச் சுவரிலும் பிறந்தநாள் நாள்காட்டி ஒன்று தொங்கும். கிழமை, வருஷம் கிடையாது. தேதியும் எதிரே பெயரும்தான். செத்தவர்கள் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போடுவாள். அவள் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள், ஆகவே அந்தச் சிலுவைகளில் பாதி எனக்கும் சொந்தம். அவள் பிறந்த மின்டர்ஹௌட் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரில் சிலுவை விழாதவர்கள் இரண்டே பேர்: லெயுனாவும், கனடாவிலிருக்கும் மூத்தவள் கிரினாவும்.

கிரினா கப்பலேறியது ஐம்பத்திரண்டில். அப்போது லெயுனாவுக்குப் பதினொரு வயது. எண்பத்தெட்டில் ஒரு தடவை கிரினா வந்து போனாள். லெயுனா போகவே இல்லை. அவள் கணவன் டிங்கமன் வெர்ஹாகே ஊரைவிட்டுக் காலெடுத்து வைக்காத ஆள். பிள்ளைகளும் இல்லை. அவன் செத்து ஐந்து வருஷம் கழித்து, கிரினாவுக்குத் தொண்ணூறு பிறக்கிற ஆகஸ்டுக்கு லெயுனா விமானச் சீட்டு வாங்கினாள். அக்காவை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"கனடாவுக்கு நமக்கு விசா வேண்டாம்க்கா. ஆனா கம்ப்யூட்டர்ல அனுமதி வாங்கணும்," என்றபடி அடுத்த வீட்டு மரீன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். லெயுனா காப்பி ஊற்றி, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள். பாஸ்போர்ட் மாடியில் இருந்தது. அதன் நம்பரை மட்டும் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"பேரு?"

"நாப்பது வருஷமா என் கதவுல படிக்கிறியே, இன்னுமா தெரியல?"

"சரி, வெர்ஹாகே. ஏதாவது குத்தம் பண்ணியிருக்கீங்களான்னு கேக்குது."

"டிங்கமனைத்தான் கேக்கணும். அவரு கல்லறையில இருக்காரு. இல்லன்னு போடு."

காப்பி ஆறுவதற்குள் அனுமதி வந்துவிட்டது. அச்செடுத்து நாள்காட்டிக்குப் பக்கத்தில் குத்தி வைத்தாள்.

ஸ்கிபோல் விமான நிலையத்துக்குத் தனியாகத்தான் போனாள். கிரினாவுக்குப் பிடித்த போலஸ் இரண்டு டஜன் கையில் தனி டப்பாவில் இருந்தது. பட்டையும் சர்க்கரையும் போட்டுச் சுருட்டிய எங்கள் பக்கத்து ரொட்டி. சீட்டைச் சரிபார்க்கிற பெண் காகிதத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அம்மா, அனுமதி வெர்ஹாகேன்னு வந்திருக்கு. பாஸ்போர்ட்ல நீங்க மின்டர்ஹௌட்."

"அது எங்கப்பா பேரும்மா. எனக்குக் கல்யாணமாகி அறுபத்தோரு வருஷமாச்சு."

"கீழ 'வெர்ஹாகே மனைவி'ன்னு இருக்குதான். ஆனா மேல இருக்கறதுதான் உங்க பேரு."

அவள் சொன்னது சரி. கல்யாணம் ஆனாலும் எங்கள் சட்டத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான்; கணவன் பெயர் வழக்கத்துக்கு. ஆனால் டாக்டரும் பாதிரியாரும் கடைக்காரரும் வெர்ஹாகே என்றே கூப்பிட்டால் யாருக்கு நினைவிருக்கும்? அந்தப் பெண்ணே மறுபடி விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். சிலருக்கு நிமிஷத்தில் வரும், சிலருக்கு நாளாகும். லெயுனாவுக்கு வரவில்லை. விமானம் போய்விட்டது.

மறுநாள் அவள் வீட்டுச் சன்னல் திரை மூடியிருந்தது. எங்கள் ஊரில் துக்க வீட்டில்தான் திரை மூடுவார்கள். பதறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"என்னடி இது? எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"காலைல எல்லாருமா கையாட்டி அனுப்பிவச்சீங்க. சாயங்காலமே திரும்பிட்டேன்னு எந்த வாயால சொல்ல?"

மேஜையில் போலஸ் டப்பா திறந்திருந்தது. கல்லாகிப்போனதைக் காப்பியில் தோய்த்து, தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள்.

பிறந்தநாளன்று நான் பக்கத்தில் இருக்கும்போது கிரினாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே கூட்டச் சத்தம்.

"யாரு?"

"லெயுனா."

"எந்த லெயுனா? இங்க என் பேத்தி ஒருத்தி லெயுனா இருக்கா."

"மின்டர்ஹௌட் லெயுனா."

"நம்ம வீட்டு லெயுனாவா? இன்னும் அங்கதான் இருக்கியாடி? உனக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கேன், ஒருத்தரையும் உக்கார விடல."

"அத எடுத்துடாதக்கா."

மறுநாள் காலையில் அனுமதி வந்தது. ஐந்து வருஷத்துக்குச் செல்லும் என்றான் மரீன். லெயுனா திரையைத் திறந்தாள். அக்டோபர் ஒன்பதுக்குச் சீட்டு வாங்கினாள். அந்தத் தேதிக்கு எதிரே நாள்காட்டியில் யார் பிறந்தநாளும் இல்லை. அங்கே தன் பெயரை எழுதினாள், மின்டர்ஹௌட் என்று. ஊருக்குக் கட்டின பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை; அவள் சீப்பும் அதற்குள்தான். அக்டோபர் வரைக்கும் டிங்கமனின் பழைய சீப்பில்தான் தலை வாரினாள்.