ஏழு கருஞ்சேவலும் ஒரு பெட்டையும்

செய்யூர்ப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்த ஜெசிந்தாவுக்கு ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருப்புக் கொள்ளாது. ஆர்மோனியம் கற்கப் போனாள், நான்காவது பாட்டோடு நிறுத்தினாள். டைப்ரைட்டிங் போனாள், பரீட்சைக்கு முந்தின வாரம் நின்றாள். வாசற்கதவுக்குப் பூச ஆரம்பித்த பச்சைப் பெயின்ட் தாழ்ப்பாளுக்குக் கீழே இறங்கவே இல்லை. அவள் கணவர் ஞானதாஸ் செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். யாராவது விலாசம் கேட்டால், "பாதிக் கதவு வூடு" என்று சொல்லி விசில் ஊதிவிடுவார்.

எழுபத்து நான்காம் வருஷம் ஆகஸ்டில், மத்தியப் பிரதேசத்தில் ரயில்வே வேலையிலிருந்த அவள் தம்பி ஒரு பால்பவுடர் டின்னோடு வந்து இறங்கினான். உள்ளே மரத்தூளில் புதைத்த பதின்மூன்று முட்டைகள். வழியெல்லாம் டின்னை மடியை விட்டு இறக்கவில்லையாம். டிக்கெட் பரிசோதகர் அதைக் குழந்தை என்று நினைத்து, எத்தனை மாதம் என்று விசாரித்தாராம். அப்படியும் இரண்டு உடைந்திருந்தன.

"கருங்கோழிக்கா. தோலு, கறி, எலும்பு எல்லாமே கருப்பு. இந்தப் பக்கம் ஒருத்தர்கிட்டயும் கெடையாது."

கடைசியாகச் சொன்னது ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டது.

"இன்னாமே, இதுவும் பாதிக் கதவுதானா?" என்றார் ஞானதாஸ்.

"இதுங்க பொரிச்சு, வளந்து, முட்டை வச்சு, அதுலயும் குஞ்சு வர்ற வரிக்கும் வுடமாட்டேன். நீயே பாரு."

வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதுவும் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் காதுபட. சந்திரம்மா காதில் விழுந்தது செய்யூர் முழுவதற்கும் விழுந்த மாதிரி.

உருண்டை முட்டையில் பெட்டை வரும், கூர் முட்டையில் சேவல் வரும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் கணக்கு. அவர்கள் கையால் உருட்டிப் பார்த்துச் சொல்வார்கள். ஜெசிந்தா தையல் டீச்சர் அல்லவா, இஞ்ச் டேப்பை எடுத்தாள். ஒவ்வொரு முட்டைக்கும் நீளம் அளந்தாள், இடுப்புச் சுற்றளவு அளந்தாள், ரவிக்கைக்கு எழுதுவதுபோலத் தாளில் குறித்துக்கொண்டாள். கூராக இருந்த மூன்றையும் ஆம்லெட் போட்டு ஞானதாஸுக்குக் காலை நாஸ்தாவாக வைத்தாள். உருண்டையான எட்டு மட்டும் அடைக்குப் போயின.

அடைக்கோழியைச் சந்திரம்மா இரவல் கொடுத்தாள். கூடையில் மணல் பரப்பி, இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டுத்தான் உட்கார வைத்தாள். ஆனால் ஜெசிந்தா பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறை, மணி அடித்து வந்ததும் ஒருமுறை, சோறு வெந்துகொண்டிருக்கையில் நான்குமுறை என்று கோழியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் கோழி எழுந்து, கொக்கரிக்கக்கூட இல்லாமல், நேரே சந்திரம்மா வீட்டுக்கு நடந்து போய்விட்டது.

"தாயைப் போட்டு இந்தப் பேஜாரு பண்ணா எது குந்தும் டீச்சரு?" என்றாள் சந்திரம்மா.

மீதி நாட்களை ஒரு கள்ளிப்பெட்டியும் நாற்பது வாட் பல்பும் ஒரு கிண்ணம் தண்ணீரும் பார்த்துக்கொண்டன. கரண்ட் போனால் முட்டைகளை முந்தானையில் கட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஜெசிந்தா நடந்தாள். அப்போதும் உட்காரவில்லை. எட்டும் பொரிந்தன. மைக்கூட்டிலிருந்து எழுந்து வந்த மாதிரி எட்டுக் குஞ்சுகள்.

மூன்றாம் மாதம் கொண்டை முளைக்க ஆரம்பித்தது. சந்திரம்மா வேலியோரம் நின்று எண்ணினாள்.

"இது சேவலு. அதுவும் சேவலு. டீச்சரு, அந்த மூலையில கீதே, அதுவும்."

ஏழு சேவல். ஒரே ஒரு பெட்டை. அதற்கு மைக்கண்ணி என்று பெயர் வைத்தாள்.

"அண்ணாத்த, மூணு பெட்டைய ஒரே நாஸ்தாவுல முடிச்சிட்டியே," என்று சந்திரம்மா சொன்னதிலிருந்து, பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஞானதாஸிடம் டிக்கெட்டோடு ஆம்லெட்டையும் விசாரித்தார்கள்.

தை பிறந்ததும் ஏழும் கூவின. ஒன்று முடிக்க அடுத்தது எடுக்க, செய்யூரில் விடியற்காலை இரண்டு மணி நேரம் நீண்டுபோனது. முதல் பஸ் டிரைவர் நேரம் தவறி ஆளில்லாத வண்டியை மதுராந்தகம் வரை ஓட்டிப் போனார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஏழும் மைக்கண்ணியை விடாமல் துரத்தின. அதன் முதுகில் இறகு போய்த் தோல் தெரிந்தது, கொண்டையில் ரத்தம். தையல் மிஷினின் மிதிப்பலகைக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டு தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. அது செத்தால் வம்சம் அத்தோடு சரி.

ஆறு சேவலை உடனே ஒழித்தாக வேண்டும். கையில் தீனி தின்று வளர்ந்ததை அறுக்க ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை. அச்சரப்பாக்கம் கறிக்கடைக்காரர் ஒன்றின் இறகை விலக்கிப் பார்த்து, "செத்து நாலு நாள் ஆனாப்பல கீது டீச்சரம்மா, எவன் வாங்குவான்?" என்று திருப்பினார். அமாவாசைக்கு வேண்டும் என்று ஒரு மந்திரவாதி சைக்கிளில் வந்தான். அவனை ஸ்கேல் குச்சியோடு தெருமுனை வரை அனுப்பிவைத்தாள்.

அப்புறம்தான் சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை நினைவுக்கு வந்தது. சபையார் நெல், பூசணி, கோழி என்று கொண்டுவந்து படைப்பார்கள், மாலையில் ஏலம் போகும். ஆறையும் கூடையில் கட்டிக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

ஏலம் போட்டவர் சபை மூப்பர் ஏசுபாதம். "நம்ம ஜெசிந்தா டீச்சர் காணிக்கை" என்று பெயரைச் சொல்லிச் சேவலைத் தூக்கிப் பிடித்தார். டீச்சர் மேல் இருந்த மரியாதையில் நல்ல விலைக்குக் கேட்டார்கள். ஆனால் கருஞ்சேவலோடு வீட்டுக்குப் போய் மனைவி முன்னால் நிற்க எவருக்கும் தைரியமில்லை. ஏலத்தில் எடுத்ததை விருப்பப்பட்டவருக்குப் பரிசாகத் தரும் வழக்கம் அங்கே உண்டு. முதலில் எடுத்தவர், "டீச்சருக்கே அன்பளிப்பு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தவருக்கும் வழி தெரிந்துவிட்டது. ஆறு முறை கைதட்டல் கேட்டது. ஆறு சேவலும் அவள் மடிக்கே திரும்பின.

வீட்டில் ஒற்றையாய் விட்டுவந்த ஏழாவது சேவலோடு மைக்கண்ணி வெளியே வந்து, அன்றைக்குத்தான் அமைதியாகக் கம்பு பொறுக்கிக்கொண்டிருந்தது. வாசலில் கூடையிலிருந்து ஒரு சேவல் குரல் கொடுத்ததும் ஓடி மிஷின் அடியில் நுழைந்தது. ஜெசிந்தா கூடையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே திரும்பினாள்.

"எங்கமே?" என்றார் ஞானதாஸ்.

"நாளைக்கு சபைச் சாப்பாடு. நானே அறுக்கறேன்."

அறுத்தாள். மூன்றோடு நிற்கவில்லை, ஆறையும் முடித்தாள். சமையல்காரர் தன் அண்டாவைத் தரமாட்டேன் என்றதால் தனி அண்டாவில் தானே குழம்பு வைத்தாள். மறுநாள் பந்தியில் இலையில் விழுந்த கறியைப் பார்த்து, அடுப்புக்கரியோ என்று ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். அவள் கரண்டியோடு பந்திக்கும் அண்டாவுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஞானதாஸ் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். "எனுக்கு ரெண்டு கரண்டி போடுமே. மூணு பெட்டைய துன்னவன், இதுக்கா பயப்படுவேன்?" ஒரு துண்டை மென்று முழுங்கிவிட்டு வரிசையைப் பார்த்தார். "கண்ணை மூடிக்கினு துன்னுங்கய்யா. கோழிதான்."

ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு தின்ன ஆரம்பித்தார்கள். தாமதமாக வந்த போதகர், இத்தனை ஜெபத்தோடு ஒரு விருந்தை ஆயுசில் கண்டதில்லை என்று வாசலிலேயே தலைகுனிந்து நின்றார். அவர் நிமிர்ந்தபோது அண்டா காலி.

பங்குனியில் மைக்கண்ணியின் முதுகில் இறகு மூடியது. முட்டையும் வைத்தது. ஒன்பது சேர்ந்ததும் ஜெசிந்தா இஞ்ச் டேப்பைத் தேடினாள். அது ஞானதாஸின் கண்டக்டர் பைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. கூரும் உருண்டையுமாக ஒன்பதும் அடைக்குப் போயின. இந்த முறை அடைக்கூடை, அதே இரவல் கோழியோடு, சந்திரம்மா வீட்டு அறையில், பூட்டுக்குள்.

"சாவிய குடு சந்திரம்மா. ஒருவாட்டி."

"தரமாட்டேன். போய்க் கதவுக்குப் பெயின்ட் அடி."

இருபத்தோராம் நாள் சந்திரம்மா பூட்டைத் திறந்தபோது, பச்சைக் கறை படிந்த கையோடு ஜெசிந்தாதான் முதலில் நுழைந்தாள். ஏழு கருப்புத் தலைகள் அவளைப் பார்த்தன.

"இதுல எது பெட்டை, எது சேவலு?" என்று கேட்டார், பின்னாலேயே வந்த ஞானதாஸ்.

"மூணு மாசம் ஆவும் தெரிய," என்றாள். அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

"ஆவட்டும்," என்றார் அவர். "சேவலா இருந்தா அண்டா கீது."