எர்த்துக் குழிக்கு ஊத்தின தண்ணி

கொம்பையாவிடம் யோசனை கேட்டால் காசு வாங்க மாட்டான். கேட்காவிட்டாலும் கொடுப்பான், அதுதான் தொந்தரவு. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குக் கணக்கெழுதப் போனவன், அங்கே வந்து இறங்கின கம்ப்யூட்டரைப் பார்த்த நாளிலிருந்து பித்துப் பிடித்துப்போனான். கடனோ உடனோ வாங்கி, பழைய மெஷின் ஒன்றை வீட்டிலும் கொண்டுவந்து வைத்துவிட்டான். தொண்ணூத்தெட்டாம் வருசம் அது. அந்தத் தெருவில் கம்ப்யூட்டரைக் கும்பிடாததுதான் குறை. கல்யாணப் பத்திரிகை, மனு, ஜாதகம், எதுக்கெடுத்தாலும் ஜனம் அவன் வாசலில்தான் வந்து நிற்கும்.

வருகிறவர்களுக்கெல்லாம் யோசனை. ரெண்டு வரி அடித்தால் ஒரு தடவை சேவ் பண்ணு. ஒரே பிளாப்பியை நம்பாதே, ரெண்டில் ஏற்றி ரெண்டு இடத்தில் வை. ஆடிக் காத்துக்குக் கரிசல் தூசி உள்ளே ஏறும், ஜன்னலில் ஈரத்துண்டைக் கட்டு. மெஷின் மக்கர் பண்ணினால் தட்டாதே, அணைத்துவிட்டுத் திரும்பப் போடு. இந்தக் கடைசி யோசனையைக் குடும்பத்திலும் நடத்துவான். பெண்டாட்டியோடு சண்டை வந்தால் வெளியே போய்விடுவான். திரும்பி வரும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி சாப்பிட என்ன இருக்கு என்பான். அவளுக்குப் பாதிச் சண்டை தொண்டையிலேயே நிற்கும். நல்ல யோசனைதான், போங்கள்.

அவள் பேர் ஆறுமுகத்தாய். எட்டயபுரத்துப் பக்கம் ஆடு மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். கல்யாணமான மறுவருசம் அவள் அய்யா ஒரு செவலைக் கிடேரியை நடத்தியே கூட்டிவந்து கொல்லையில் கட்டிவிட்டுப் போனார். அது வளர்ந்து கன்று போட்டு, டீக்கடைக்குப் பால் ஊத்தி, அந்தப் பணம் அவள் முந்தியில் இருந்தது. அதைக் கொம்பையாவும் கேட்டதில்லை. ஒரு புடவை எடுக்கவோ தங்கச்சி பிள்ளைக்குச் சட்டை வாங்கவோ யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அந்த மாடு கொடுத்த தைரியம் அவளுக்குப் புருசன்கூடக் கொடுத்ததில்லை.

ஆனால் புருசன் மேல் அவளுக்குப் பெருமை உண்டு. அவன் சொன்னால் அது வேதவாக்கு. ஒரு நாள் மெஷினைத் துடைக்கப் போனவளைக் கரண்டு வெடுக்கென்று இழுத்து, கை ரெண்டு நாளைக்கு மரத்துக் கிடந்தது. அப்புறந்தான் கொம்பையா வாசலோரம் குழி தோண்டி, இரும்புக் குழாயை இறக்கி, உப்பும் கரியும் போட்டு, கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிப்போக அதிலிருந்து மெஷினுக்கு எர்த் வயரை இழுத்தான். கரிசல் மண்ணைப் பற்றித்தான் தெரியுமே, வெயில் ஏற ஏற வாயைப் பிளக்கும். குழாயை விட்டு மண் விலகிவிட்டால் எர்த் செத்துப்போகும். அதனால் தினம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தியே ஆகணும் என்று அவளிடம் சொன்னான். கரண்டு இழுத்த கை அவளுடையது. சொல்லவா வேண்டும், ஒரு நாள் தவறாமல் ஊத்தினாள்.

அந்த வருசம் ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்துவிட்டது. தை மாசமே தெருவுக்கு லாரித் தண்ணி வந்துவிட்டது. தினம் வீட்டுக்கு ஆறு குடம், அதுக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. அதில் ரெண்டு குடத்தை மண்ணுக்கு ஊத்தினால் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியுமா எரியாதா? எதிர்வீட்டு முத்துசெல்வி கைப்பிள்ளைக்காரி. பிள்ளைத் துணி அலசத் தண்ணி இல்லாத வயித்தெரிச்சலில், லாரிப் பக்கம் வைத்து, இது நியாயமா என்று கேட்டேவிட்டாள். கொம்பையா அன்றைக்கு ஊரைக் கூட்டிப் பேசினான். தண்ணி ஊத்தாவிட்டால் மெஷின் எரியும், வீடு எரியும், உன் கூரைக்கும் தாவும், அப்போ நீயா பொறுப்பு என்று விரலை நீட்டினான். ஆறுமுகத்தாயும் விடவில்லை. படிக்காத கழுதைக்கு எர்த்தைப் பத்தி என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். அவளும் படித்தவள் இல்லை. ரெண்டு பேரும் ஒரே இலையில் சோறு தின்றவர்கள், அன்றோடு பேச்சு முறிந்தது.

மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட அவள் பிறந்த வீடு போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால், கொல்லையில் குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு துவைகல், சிமெண்டு பூசி அம்சமாக நின்றது. 'உனக்குன்னு போட்டேன்' என்றான் கொம்பையா. கேட்காமல் அவன் செய்துகொடுத்த முதல் காரியம். அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

சித்திரையில் மிஞ்சின நாலு குடம் வீட்டுக்கே பத்தவில்லை. சினையாக இருந்த செவலை காலித் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றது. கழுநீர் எத்தனை நாளைக்கு ஆகும்? ஒரு சாயங்காலம் புருசன் பக்கத்தில் உட்கார்ந்து, குழிக்கு ஊத்துற ரெண்டில் ஒரு குடத்தை மாட்டுக்கு வைக்கட்டுமா என்று கேட்டாள். கொம்பையா ரொம்ப நேரம் பேசவில்லை. மாட்டுக்காகத்தான் மனுசன் மனசு கிடந்து அடிக்குது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைசியில், மாட்டை எப்போ வேணும்னாலும் வாங்கிக்கிடலாம், மெஷின் போனா பொழைப்பே போச்சு, வித்துருவோம் என்றான்.

தரகர் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது செவலை வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூணாம் நாள் எழுந்து, லாரி வந்ததும் ரெண்டு குடத்தைத் தூக்கிக் குழிக்கு ஊத்தினாள்.

வைகாசியில் வீட்டு மின்விசிறி ஓடவில்லை என்று சரிபண்ண செய்யது அலி அண்ணாச்சி வந்தார். கொம்பையாவின் சிநேகிதர், டவுனில் வயரிங் வேலை பார்க்கிறவர். கொம்பையா ஆபீசுக்குப் போயிருந்தான். அவர் உள்ளே நுழையப்போன நேரம் ஆறுமுகத்தாய் குழியில் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் தங்கச்சி, இதுல எதுக்கு ஊத்துதீய? இந்த வயரை மாசியிலயே அத்துவிட்டாச்சே."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் கொல்லைக்குக் கூட்டிப்போய்த் துவைகல்லைக் காட்டினார். புது எர்த் அதுக்கு அடியில்தான் இருக்கிறது. குளிக்கிற தண்ணி ஓடுகிற இடம் எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும், தனியாக ஒரு சொட்டு ஊத்த வேண்டாம். யோசனை என்னுடையதுதான், நானும் கொம்பையாவுமாச் சேர்ந்துதான் போட்டோம் என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போனார். மின்விசிறியைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

ஆறுமுகத்தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாசியில் வயர் அத்தாச்சு. செவலை போனது சித்திரையில். இதைக் கூட்டிப் பார்க்கப் படிப்பு வேண்டுமா? அன்றைக்கு அவன் பேசாமல் இருந்ததற்கும் இப்போது அர்த்தம் தெரிந்துபோயிற்று. பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாடு தொழுவத்தில் நிற்குமே!

சாயங்காலம் கொம்பையா வந்து செருப்பைக் கழற்றும் முன்னே கேட்டாள்.

"மாட்ட விக்கச் சொன்னீயளே, அப்போ உங்களுக்குத் தெரியும்லா?"

அவன் முதலில் மழுப்பினான். எர்த்தைப் பற்றி என்னென்னவோ சொன்னான். அவள் அசையவில்லை. அப்புறம் ஒத்துக்கொண்டான். தையில் அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசிவிட்டு, மாசியில் தண்ணி தேவையில்லை என்றால் முத்துசெல்வி கைகொட்டிச் சிரிக்க மாட்டாளா, தெருவில் தலை காட்ட முடியுமா என்றான்.

"தெருவுக்குச் சொல்ல வேண்டாம். எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்லா. நான் வெளியவா சொல்லப்போறேன்?"

"நீ சொல்ல மாட்ட" என்றான் கொம்பையா. "ஆனா தண்ணி ஊத்துறத நிறுத்திருவியே. நிறுத்தினா அவ பார்த்துருவாள்லா."

மெஷினுக்காகச் சுமக்கிறோம் என்று நம்பி, எதிர்வீட்டுக்காரி கண்ணுக்காக அத்தனை நாளும் குடம் சுமந்திருக்கிறாள். கொம்பையா வெளியே போனான். கொஞ்ச நேரங்கழித்து வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி தட்டின் முன்னால் உட்கார்ந்தான். சாப்பிட்டுக்கொண்டே, தணிந்த குரலில் ஒரு யோசனையும் சொன்னான்.

"சட்டுன்னு நிறுத்திராத. இந்த வாரம் ஒரு குடமாக் குறைச்சுக்கோ. மழை விழவும் நிப்பாட்டிக்கிடலாம். யாருக்கும் சந்தேகம் வராது."

மறுநாள் லாரி வந்தது. ஆறுமுகத்தாய் ரெண்டு குடத்தையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டு குழியைத் தாண்டிப்போய் முத்துசெல்வி வாசலில் இறக்கினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கொம்பையாவும் கதவோரம் நின்று பார்த்தான்.

"இது குழிக்கு ஊத்துற தண்ணி" என்றாள். "மாசியில இருந்தே அதுக்கு வேண்டாமாம். எனக்கு நேத்துத்தான் தெரியும்."

முத்துசெல்விக்கு நாக்கில் வசவு தயாராக இருந்தது. ஆனால் ஆறுமுகத்தாயின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, குடத்தை உள்ளே எடுத்துப்போனாள்.

தெரு ஒரு மாசம் போலக் கொம்பையாவைக் கேலி பண்ணியது. அப்புறம் யாருக்கோ பத்திரிகை அடிக்க வேண்டியிருந்தது, யாருக்கோ மனு வேண்டியிருந்தது, எல்லாம் மறந்துபோனது. அவன் பிறகு டவுனில் கடை போட்டான், ஊரெல்லாம் அவன் யோசனையைக் கேட்டு நடக்கிறது. ஆறுமுகத்தாய் அவனுக்குப் பொங்கிப் போடுகிறாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைக்கிறாள், கோயிலுக்குச் சேர்ந்து போகிறாள். வருசம் எத்தனையோ ஓடிவிட்டது. இப்போதும் அவன் உள்ளே வந்து, மழை தூறுது, காயப்போட்ட துணிய எடு என்றால், அவள் முதலில் வாசலுக்கு வந்து கையை வெளியே நீட்டிப் பார்க்கிறாள். அவன் தலை நனைந்திருந்தாலும் சரி, தன் கையில் துளி விழுந்த பிறகுதான் துணியை எடுக்கப் போகிறாள்.