செம்மண்டலத்து வீட்டுல அம்மா பால் காய்ச்சுன அன்னிக்கு

எங்கப்பாவுக்கு வியாபாரம் தெரியாதுன்னு இப்ப ஆளாளுக்குச் சொல்றாங்க. கடை நல்லா ஓடினப்ப இதே ஆளுங்கதான் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து டீ வாங்கிக் குடிச்சாங்க. சிதம்பரத்துல பிளைவுட் கடை, கடலூர் செம்மண்டலத்துல சொந்த வீடு. அப்பா தெனமும் பஸ்ஸுலதான் போய்ட்டு வருவாரு. சுனாமி வந்த மறு வருஷம் பெய்ஞ்ச மழையில குடோனுக்குள்ள முட்டிக்கால் அளவுக்குத் தண்ணி நாலு நாள் நின்னுச்சு. பிளைவுட்டைக் கெடுக்க நாலு நாளே ஜாஸ்தி, ஒரு நாள் போதும். டீயில முக்கின ரஸ்க் மாதிரி ஊதிப் போயிருந்துது. காய வெச்சா சரியாயிடும்னு அப்பா வெயில்ல கொண்டாந்து சாத்தி வெச்சாரு. ஸ்கூல் யூனிஃபார்மோட நானும் கூட நின்னு தூக்கினேன். காய்ஞ்சதும் ஏடு ஏடாப் பிரிஞ்சு வந்துடுச்சு.

அப்புறம் வீட்டை பேங்க்குல அடமானம் வெச்சு புதுசா சரக்கு எடுத்தாரு. எடுத்த சரக்கைக் கடனுக்குக் குடுத்தாரு. வாங்கினவன் ஒருத்தனும் திருப்பித் தரல. இவுரும் போய்க் கேக்க மாட்டாரு, கேட்டா அவுங்க மனசு கஷ்டப்படுமாம். நம்ம மனசு என்ன கருங்கல்லான்னு நான் கேட்டிருக்கேன். மூணு வருஷம் இழுத்துப் பறிச்சு கடையை மூடிட்டு, அதே தெருவுல இன்னொருத்தரோட ஹார்டுவேர் கடையில சம்பளத்துக்குச் சேர்ந்தாரு. பேங்க்லேருந்து வந்த ஆளு, அடுத்த தடவை வந்தா செவுத்துல நோட்டீஸ் ஒட்டுவோம்னு பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போனான்.

அந்த நேரத்துலதான் மாமா வந்தாரு. அம்மாவோட கூடப் பொறந்த ஒரே தம்பி. கம்மாபுரத்துல ரெண்டு லாரி வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தாரு. பேங்க் பாக்கியத் தானே கட்டிடறதாவும், வீட்டைத் தன் பேருக்குக் கிரயம் பண்ணிட்டா வேற கடன்காரன் யாரும் கை வெக்க முடியாதுன்னும், பணத்தை மெதுவாக் குடுத்துட்டுத் திருப்பி எழுதிக்கலாம்னும் சொன்னாரு. அப்பா ஒரே ஒரு தடவை, திருப்பித் தர்றதா ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கலாமான்னு அம்மாகிட்ட இழுத்தாரு. அம்மா அன்னிக்கு ஆடின ஆட்டத்தை இன்னும் நான் மறக்கல.

"கூடப் பொறந்தவன்கிட்ட எழுதி வாங்கச் சொல்றீங்களா? நாளைக்கு இவ கல்யாணத்துக்கு மாலை எடுத்துக்கிட்டு எந்தம்பி வரணுமா, பத்திரம் வரணுமா?"

எங்க பக்கத்துல தாய்மாமன் இல்லாம பொண்ணுக்கு ஒண்ணும் நடக்காது. காது குத்துறதுக்கு மடியில உக்கார வெக்கிறதுலேருந்து கல்யாணத்துல மொத மாலை போடுறது வரைக்கும் அவுருதான். அந்த ஒரு மாலைக்குப் பயந்துக்கிட்டு அம்மா ஒரு வீட்டையே வாய்ப் பேச்சுல தூக்கிக் குடுத்துட்டா. எனக்கு யாரும் மாலையே போட வேணாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல, எனக்கும் மாமான்னா உசுருதான். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல அப்பா ரேகை வெச்ச விரலைத் தலைமுடியில தொடச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. அம்மா தம்பிக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்தா.

ஒரு வருஷம் அங்கியே இருந்தோம். அப்புறம், மேல் தளம் ஒழுவுது, ரிப்பேர் பண்ணித் தரேன், ரெண்டு மாசம் வேற எடத்துல இருங்கன்னு மாமா சொன்னாரு. சிதம்பரத்துல ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒத்த ரூம் போர்ஷனுக்கு வந்தோம். அம்மா பாதி மூட்டையப் பிரிக்கவே இல்ல. வீட்டுக்காரம்மா, சாமி படம் மாட்ட ஆணி அடிச்சுக்கோன்னு சொன்னதுக்குக்கூட, எதுக்குங்க, சீக்கிரம் போயிடுவோம்னா. ரெண்டு மாசம் எட்டு மாசமாச்சு. வாரா வாரம் தம்பிக்குப் போன் போடுவா. இப்ப ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க, இப்ப தரைக்கு டைல்ஸ் போடுறாங்கன்னு அவுரு சொல்றதை எங்கிட்ட வந்து ஒப்பிப்பா. சந்தோஷமாச் சொல்லுவா, அதைத்தான் என்னால தாங்க முடியல.

தை பொறந்ததும் மாமாவும் அவுரு பொண்டாட்டி, எங்க அத்தையும் வெத்தலை பாக்குத் தட்டோட வந்தாங்க. வர்ற புதன்கிழமை செம்மண்டலத்து வீட்டுக்குக் குடி வர்றாங்களாம்.

"நாத்தனார் கையாலதான் காய்ச்சணும். நீ வந்தாத்தான் அக்கா அடுப்பே பத்த வெப்போம்" அப்படின்னாரு மாமா.

குடி போறவுங்க, வீட்டு ஆம்பளையோட கூடப் பொறந்தவளைக் கூப்புட்டு மொதல் பாலைக் காய்ச்ச வெச்சு, புடவை வெச்சுக் குடுப்பாங்க. அது அவளுக்குச் செய்யிற மரியாதை. வீட்டைத் திருப்பித் தர மாட்டேன்னு மாமா வாயால சொல்லவே இல்ல. மரியாதையாக் கூப்புட்டாரு, அவ்ளோதான். அம்மா தட்டை வாங்கி வெச்சுட்டுக் காபி போட்டுக் குடுத்தா.

அவுங்க போனதும் அப்பா, நான் வரலன்னுட்டு லுங்கியோட வெளிய போய்ட்டாரு. நான் கத்தினேன். நீ போய்ப் பால் காய்ச்சினா வீட்டை நீயே தாரை வாத்த மாதிரி ஆயிடும்னேன். அம்மா அசையல. போவலன்னா ஒறவு அத்துப் போயிடும், அப்புறம் கேக்குறதுக்கு வழியே இருக்காதுன்னா. பாலைப் பொங்க வெச்சுட்டு அந்த நல்ல நேரத்துலியே கேட்டுடறேன், பால் காய்ச்சுன அக்காகிட்ட எவனும் முடியாதுன்னு சொல்ல மாட்டான்னா. நெசமாவே அப்படித்தான் நம்பினா. நானும் கூடக் கெளம்பினேன், அவளத் தனியா அனுப்ப மனசு வரல.

வாசல்ல வாழை மரம் கட்டியிருந்துது. அம்மா வழக்கம் போல செருப்பை உள்வாசல்ல கழட்டினா. டைல்ஸ் புதுசு, வெளிய விட்டுடுங்க அண்ணின்னாங்க அத்தை. அம்மா எடுத்துக்கிட்டுப் போய் கேட்டுக்கு வெளிய வெச்சுட்டு வந்தா.

அடுக்களையில மட்டும் இன்னும் வேலை ஆவல, எங்க பழைய மேடைதான். மஞ்சக் கொத்து கட்டின பாத்திரத்தை அம்மா அடுப்புல ஏத்தினா. பால் பொங்கி ஒரு பக்கமா வழிஞ்சுது. கெழக்கால பொங்கிடுச்சு, இனிமே அமோகமா இருப்பீங்கன்னு வந்தவுங்க எல்லாம் சொன்னாங்க. எல்லாம் அக்கா கை ராசின்னு மாமா பெருமையாச் சொன்னாரு.

அம்மா அடுப்பை அணைச்சுட்டு வழிஞ்சதைத் துணியால தொடச்சா. நிமிராமலே பேசினா.

"கை ராசியெல்லாம் இல்லடா. மேடை கெழக்கால சாய்வு. கொத்தனாரு அன்னிக்குத் தப்பாப் பூசிட்டாரு. எதை வெச்சாலும் இந்தப் பக்கந்தான் வழியும்."

"அதுக்கென்னக்கா, மாசி பொறந்ததும் இதை இடிச்சுட்டு கிரானைட் போடப் போறோம்."

இப்ப அம்மா வீட்டைக் கேட்டுடுவான்னு நெனைச்சேன். வாயைத் தொறந்தா. மேடை விளிம்பை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னா, ஆனா கேக்கல. அத்தை புடவைத் தட்டை நீட்டுனாங்க. நாத்தனார் அதை வாங்கித்தான் ஆவணும். அம்மா வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா.